மூன்றாவது வெட்டு

பிரேதப் பரிசோதனை செய்கிற டாக்டர் கையில் பென்சில் எதற்கு என்று எங்கள் ஆஸ்பத்திரியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கேமரா இருக்கிறது, ஆளுக்கொரு கைபேசி இருக்கிறது, அப்புறம் எதற்கு மேடம் உட்கார்ந்து படம் போடுகிறீர்கள் என்று புதிதாக வரும் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். கேமரா எடுக்கும், நீ பார்க்க வேண்டாமா என்று எரிந்து விழுவேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பிணங்களிடம் மட்டும்தான் பொறுமையாக இருக்கிறேன் என்று என் கணவர் சொல்வார்.

சின்ன வயதில் எனக்கு ஓவியராக வேண்டும் என்று ஆசை. அப்பா தூத்துக்குடி மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். "படம் வரைஞ்சு பொட்டலம் மடிக்கவா? டாக்டருக்குப் படிளா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மருத்துவக் கல்லூரி நூலகத்தில், பைண்டிங் பிய்ந்து கிடந்த ஒரு பெரிய படப்புத்தகத்தில்தான் அந்த இத்தாலிக்காரனைப் பார்த்தேன். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஓவியன். பிணங்களைத் தானே அறுத்து, நாற்றத்தில் உட்கார்ந்து, தோளில் எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது என்று கயிறு கயிறாக வரைந்திருந்தான். மாட்டு இதயத்துக்குள் மெழுகை ஊற்றி அதன் உள்வடிவத்தை எடுத்திருந்தான். வாய்க்கால் தண்ணீர் சுழிப்பதைப் பார்த்துப் பார்த்து வரைந்தவன், இதயத்தின் வாசலிலும் இரத்தம் அப்படித்தான் சுழித்துக் கதவை மூடுகிறது என்று எழுதி வைத்தான். அது சரிதான் என்று மற்றவர்களுக்குத் தெரிய நூற்றாண்டுகள் ஆயின.

அவனும் தப்புச் செய்திருக்கிறான். ஆரம்பத்தில் வரைந்த சில படங்களில், உடம்பில் இல்லவே இல்லாத குழாய்களைப் போட்டிருப்பான். பழைய ஏடுகளில் இருக்கிறது, பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே அவன் கண்ணுக்கும் அது இருந்தது. பிறகு கத்தியை எடுத்துத் தானே அறுத்துப் பார்க்கப் பார்க்க அந்தக் குழாய்கள் படத்திலிருந்து காணாமல் போயின. அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான்.

ஆனால் அவன் சாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கருப்பைக்குள் சுருண்டு கிடக்கும் குழந்தையை வரைந்த அதே கை, ராஜாக்களுக்காக ஒரு ரதத்தையும் வரைந்தது. சக்கரம் உருளும்போது கூடவே பெரிய அரிவாள்கள் சுழலும். ரதம் போன வழியில் கால் துண்டுகளும் முண்டங்களும் கிடக்கும். அவற்றையும் அத்தனை நுணுக்கமாக வரைந்திருந்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

அந்த ரதம் பல வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்தது.

வடக்கே உள்ள கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். சங்கு குளிக்கிறவன். மூச்சடக்கிக் கடலடிக்குப் போய், மணலில் புதைந்த சங்கை எடுத்து வரும் தொழில். விடியற்காலையில் கடலுக்குப் போன வள்ளக்காரர்கள், அவன் குப்புற மிதப்பதைக் கண்டு இழுத்து வந்திருந்தார்கள். முதுகு முழுவதும் வெட்டு. வலது தோளில் தொடங்கி இடது தொடை வரை வரிசையாக வாய் பிளந்து கிடந்தது. யாரோ அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்ப, பிணம் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே படம் ஊர் முழுக்கச் சுற்றியிருந்தது. பார்த்தவர் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். அரிவாள்.

யார் வெட்டியது என்பதிலும் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. முந்தைய மாதம், சங்கு குளிக்கும் இடத்தில் ஒரு விசைப்படகு வலையை இழுத்துக்கொண்டு வந்தது. தண்ணீருக்குள் ஆள் இருக்கும்போது வந்தான் என்று இந்த இளைஞன் படகில் ஏறி, அதன் டிரைவரை வேலையாட்கள் முன்னால் கன்னத்தில் அறைந்துவிட்டான். "ஒன்னய இந்தக் கடல்லயே முடிச்சிருவேம்ல" என்று டிரைவர் கத்தியதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தம்பி சினிமாவுக்குப் போனான், திரும்பவில்லை என்று அண்ணன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் ஒருவரும் கடலில் கால் வைக்க மாட்டார்கள். கடன் திருநாள், எல்லோரும் தேவாலயப் பூசைக்குப் போயே தீர வேண்டிய நாள். வள்ளம் கரையில், ஆள் கோயிலில். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். ஆகவே அவன் கடலுக்கே போகவில்லை. கரையில் வெட்டி, கடலில் எறிந்திருக்கிறார்கள். கணக்கு முடிந்தது.

அதை அவர்கள் கோர்ட்டுக்கு விடவில்லை. காலையிலேயே ஒரு கூட்டம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் டிரைவரைப் படகிலிருந்து இழுத்துப்போட்டு வெட்டியிருந்தது. போலீஸ் பிடுங்கிக்கொண்டு வந்து எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் போட்டது. கூட்டமும் பின்னாலேயே வந்துவிட்டது. நான் உள்ளே போகும்போது அவனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். வலது கையைச் சுற்றிய துணி சொட்டிக்கொண்டிருந்தது. அவன் மனைவி அவன் மேல் குறுக்கே விழுந்து மறைத்தபடி அலறினாள். போலீஸ்காரர்களுக்கு இடையில் நுழைந்த ஒருவன் அவள் முதுகில் துடுப்புக் கட்டையால் அடித்தான். சத்தம் எனக்குக் கேட்டது. அவள் நகரவில்லை. திரும்ப ஓங்கினான். இரண்டு காவலர்கள் அவன் மேல் விழுந்து அமுக்க, வண்டியை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் வேர்த்து விறுவிறுத்துப் பிணவறைக்கு வந்தார். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, கல்லெறி ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றார்.

"வெட்டுக்காயம்னு எழுதிக் குடுத்துருங்க மேடம். பாத்தாலே தெரியுதுல்லா. நான் அந்த டிரைவர் மேல கொலக்கேசு போட்டு, பாளையங்கோட்டை ஜெயிலுக்கு அனுப்பிருதேன். கூட்டம் கலைஞ்சிரும்."

"கலையாட்டா?"

"வண்டியில ஏத்தும்போதே முடிச்சிருவானுவ." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் என்ன செய்ய முடியும்?"

அப்போது ஜன்னல் உடைந்தது. கல் சுவரில் பட்டுக் கீழே விழ, கண்ணாடிச் சில்லுகள் பிணத்தின் முதுகில் சிதறின. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெளிய நிக்கறவன் கையில என்ன இருக்குன்னு பாத்துத்தான் நான் ரிப்போர்ட் எழுதணுமா? போய் அவனுவள நிறுத்துங்க, போங்க" என்று கத்தினேன். அவர் போனார். நான் இடுக்கியால் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நடுநடுவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். பயம்தான். பிறகு தாளை விரித்து வரைய உட்கார்ந்தேன்.

முதல் பார்வையில் எனக்கும் அது அரிவாள்தான். பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் எத்தனை அரிவாள் வெட்டுப் பார்த்தவள் நான். வெளியே ஊரே சொல்லும்போது கண் அதைத்தான் தேடும். ஆனால் வரையும்போது கண் மட்டும் போதாது, கையும் அந்த வழியே போக வேண்டும். ஆயுதம் எங்கே இறங்கியது, எப்படி வளைந்தது, எங்கே வெளியேறியது என்று பென்சில் பின்னாலேயே நடக்க வேண்டும். உதவியாளர் அளவைச் சொல்லச் சொல்ல முதல் வெட்டைப் போட்டேன். ஆழம், சுத்தமான விளிம்பு, லேசான வளைவு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பென்சில் தயங்கியது. அது ஆழமில்லை. விளிம்பு கிழிந்திருந்தது. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வெட்டுப்படாமலே நின்றது. எலும்பு தடுத்திருக்கும் என்று நினைத்து நான்காவதுக்குப் போனேன். சுத்தம். ஐந்தாவதும் சுத்தம். ஆறாவது கிழிசல், நடுவில் அதே இடத்தில் அதே ஒரு விரல் தோல். ஒன்பதாவதும் அதேபோல.

தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். எல்லா வெட்டும் ஒரே பக்கம் வளைந்தன. ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி, பிசகவே இல்லை. கோபத்தில் வெட்டுகிறவன் இப்படி வெட்ட மாட்டான். ஒன்று மேலே விழும், ஒன்று சரியும், வெட்டுப்படுகிறவன் புரளுவான், தடுக்கக் கை தூக்குவான். இங்கே கைகளில் கீறல்கூட இல்லை. இரண்டு நல்லது, ஒன்று ஊனம், திரும்ப இரண்டு நல்லது, ஒன்று ஊனம். சுழலும் எந்திரம் ஒன்று இவன் மேல் ஏறிப் போயிருக்கிறது. அந்த நிமிடம் எனக்கு ரதம் ஞாபகம் வந்தது. அரிவாள்கள் சுழலச் சுழல, அடுத்தடுத்து ஒரே அளவில் துண்டான உடல்கள். ஆத்திரத்தில் கை வெட்டுவதற்கும் சக்கரம் வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவன் வரைந்தே காட்டியிருந்தான். கைபேசிப் படத்திலும் இந்த ஒன்பது வெட்டும் இருந்தன. ஊரே பார்த்தது. ஒருவரும் மூன்றாவதில் நிற்கவில்லை.

பிறகு உடலை அறுத்தேன். மூச்சுக்குழலில் நுரை, நுரையீரலில் கடல் தண்ணீர். வெட்டுப்பட்ட பிறகும் அவன் மூச்சு இழுத்திருக்கிறான், தண்ணீருக்குள்.

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். "கரையில வெட்டிப் போடல. உயிரோட கடலுக்குள்ள இருக்கும்போது வள்ளத்து என்ஜின் விசிறி வெட்டியிருக்கு. மூணு எறக்க உள்ள விசிறி. அதுல ஒரு எறக்க ஒடஞ்சது."

"விசைப்படகு விசிறியா இருக்கலாம்லா?"

"அது எவ்வளவு பெருசு! அதுல சிக்கியிருந்தா துண்டு துண்டாத்தான் பொறுக்கியிருப்பிய. இது சின்ன விசிறி."

"ஞாயித்துக்கெழம வள்ளம் கடலுக்குப் போவாதே மேடம்."

"காயத்துக்குக் கெழம தெரியாது" என்றேன்.

ஊர்த் தலைவரையும் இறந்தவனின் அண்ணனையும் உள்ளே அழைத்து வரச் சொன்னேன். தலைவர் வயதான மனிதர், வெள்ளை வேட்டியில் யாருடைய இரத்தமோ தெறித்திருந்தது. அண்ணன் உரத்த குரலில் ஏசிக்கொண்டே வந்தான். காலையிலிருந்து கூட்டத்தின் முன்னால் நின்றவன் அவன்தான். நான் தாளை மேஜையில் வைத்து, மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது வெட்டுகளை விரலால் காட்டினேன்.

தலைவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கடல்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "விசிறில்லா இது" என்றார் மெதுவாக. "எவன் வள்ளம்? எவன்ல ஞாயித்துக்கெழம போனவன்?" என்று திரும்பினார்.

அண்ணன் ஏசுவதை நிறுத்தியிருந்தான். அவன் விரல் தாளில் மூன்றாவது வெட்டின் நடுவில், அந்தத் தோல் நின்ற இடத்தில் இருந்தது.

"பார்ல, அடிப்பாறையில தட்டி ஒடஞ்ச எறக்க" என்றான். "தம்பிதான் அரம் போட்டு ராவி வச்சான். புதுசு மாத்துவோம்னு சொன்னான். நாந்தான் பெறவு பாப்போம்னேன்."

சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். பிறகு கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை விசைப்படகுகளும் போகாது, அதனால் அடிமணல் கலங்காது, தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், சங்கு நன்றாகத் தெரியும். அதற்காக இருவரும் இருட்டோடு திருட்டுத்தனமாகப் போயிருந்தார்கள். விடிந்து தம்பி கீழே இருக்கும்போது தூரத்தில் ஒரு என்ஜின் சத்தம் கேட்டிருக்கிறது.

"நம்மூர்க்காரன் எவனாவது பாத்தா கோயில் வாசல்ல நிறுத்தி வச்சிக் கேப்பானுவ டாக்டரம்மா. அம்ம தல குனிஞ்சி போவா. தள்ளிப் போயி நின்னுட்டு, திரும்பி வந்து அவன ஏத்திக்கிடலாம்னு என்ஜின எடுத்தேன். அவன் தண்ணிக்கு மேல ஏறி வந்துட்டான்னு பாக்கல. பாக்கவே இல்ல." முகத்தை இரண்டு கையாலும் அறைந்துகொண்டான். "வந்தது ரோந்துப் படகு. அவனுக்கு ஞாயித்துக்கெழமன்னா என்ன, திங்கக்கெழமன்னா என்ன!"

தேடிப் பார்த்திருக்கிறான், உடல் கிடைக்கவில்லை. கோயில் மணி அடிக்கும்போது தனியாகக் கரை சேர்ந்திருக்கிறான். மறுநாள் பிணம் கிடைத்ததும், வெட்டைப் பார்த்து ஊரே அரிவாள் என்று சொன்னதும், அவன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். ஒரு மனிதனைக் கொன்றாவது தன் பொய்யைக் காப்பாற்றத் துணிந்தவன் என்று எனக்கு அவன் மேல் வெறுப்பு வந்தது. அவன் அழுத அழுகையைப் பார்த்து அந்த வெறுப்பை முழுசாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

வெளியே அவனே போய்ச் சொல்ல வேண்டும் என்றார் தலைவர். போனான். படிக்கட்டில் நின்று, நான்தான் தம்பி மேல் வள்ளத்தை ஏற்றிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனோம் என்று கத்தினான். ஒருவரும் நம்பவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அன்று கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனான் என்பது அவர்கள் காதில் ஏறவே இல்லை. "போலீசு மெரட்டிச் சொல்ல வைக்கான்ல! தம்பி ரத்தத்த வித்துட்டியால!" என்று ஒருவன் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவனுடைய தாய்மாமன்தான் அது என்று பிறகு சொன்னார்கள். கீழே விழுந்தவனை மிதித்தார்கள். தலைவர் குறுக்கே போனார், அவரையும் தள்ளிவிட்டார்கள். மாமன் கையிலிருந்த துடுப்புக் கட்டை அவன் தாடையில் இறங்கியது. பல் தெறித்துப் படியில் விழுந்தது. அடுத்து அரிவாளை ஓங்கினான் ஒருவன்.

அந்த நேரம் ஒரு பெண் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவன் மேல் விழுந்தாள். தாய். மீன் விற்கிறவள். தலைவிரிகோலமாக, காலையிலிருந்து "எம்புள்ளையக் கொன்னவன வெளிய விடாதிய" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவள்.

"வெட்டாதிய! ஏலே, வெட்டாதிய! அவன் சொல்லுதது மெய்தான். நாந்தான் ரெண்டு பேருக்கும் சோறு கெட்டிக் குடுத்தேன். ரெண்டு பேரு போனானுவ, இவன் ஒருத்தந்தான் வந்தான். எனக்குத் தெரியும். நேத்தே தெரியும்!"

ஓங்கிய அரிவாள் அப்படியே நின்றது. பெற்றவளே சொன்ன பிறகு நம்பாமல் இருக்க முடியவில்லை. தாய்மாமன் தன் கையிலிருந்த கட்டையைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் செருப்புகளும் கற்களும்தான் கிடந்தன. அந்த அம்மாவைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து தண்ணீர் கொடுத்தேன். ஒரு பிள்ளை போனான், மிஞ்சியவனையாவது காப்பாற்றப் பொய் சொன்னாள், அவனைக் காப்பாற்றவே உண்மையையும் சொன்னாள் என்று நினைத்தபோது என் கண் கலங்கியது. கலங்கியது என்றே எழுதுகிறேன்.

அந்தப் படம் இன்னொரு வேலையும் செய்தது. விசிறியைச் சுற்றி ஓர் இரும்புக் கூடு இருந்தால் தலை மோதுமே தவிர வெட்டுப்படாது என்று தோன்ற, அளவு போட்டு வரைந்து ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். "வேகம் கொறையும் டாக்டரம்மா, எவன் மாட்டுவான்?" என்று பட்டறைக்காரர் முனகிக்கொண்டே செய்தார். இன்று அந்தக் கரையில் சங்கு குளிக்கப் போகும் வள்ளங்கள் சிலவற்றில் அந்தக் கூடு இருக்கிறது. மாட்டாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு என் வேலை முடியவில்லை. சாயங்காலம் டிரைவரின் காயங்களையும் பதிவு செய்து தரும்படி இன்ஸ்பெக்டர் கேட்டார். போனேன். அவன் பிழைத்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. படகின் சுக்கானைப் பிடிக்கிற கை. மனைவி பக்கத்தில் ஸ்டூலில், முதுகைச் சாய்க்க முடியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். காயத்தின் துணிக்கட்டைப் பிரித்து வரைந்தேன். இதுதான் நிஜ அரிவாள். முன்னங்கையில் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு திசையில், ஓர் ஆழத்தில். ஆனால் கழுத்தோரம் இருந்த வெட்டு வேறு மாதிரி. சின்னது, நேரானது, கனத்த கத்தி. பெரிய இரத்தக் குழாய்க்கு நெல் அளவு தள்ளி இறங்கியிருந்தது.

"இது அரிவாள் இல்லையே" என்றேன்.

"இல்ல டாக்டரம்மா. மீன் வெட்டுத கத்தி. எல்லாவனும் யோசிச்சுக்கிட்டுத்தான் நின்னானுவ. அந்தப் பையனோட அம்மதான் மொதல்ல வந்து வெட்டுனா. அத பாத்துத்தான் மத்தவனுவ பாஞ்சானுவ." அவன் கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அத மட்டும் எழுதாதிய. பெத்த வயிறு. நாந்தான் கொன்னேன்னு நெனச்சிட்டா பாவம், தெரியாம வெட்டிட்டா."

மனைவி ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினாள். அவளுக்கும் அந்தத் தாய் மேல் இரக்கம்.

நேற்றே தெரியும் என்று அந்த அம்மா படிக்கட்டில் கத்தியது, பூட்டிய அறைக்குள் இருந்த இவர்கள் இரண்டு பேருக்கும் கேட்டிருக்காது. நான் சொல்லவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு, கழுத்தோரம் இருந்த அந்த வெட்டையும் இருந்தபடியே வரைந்து, யார் வெட்டியது என்று அவன் சொன்னதையும் கீழே எழுதினேன்.